வேம்பை வெட்டிச் சமைத்த திவசம்

என் அன்புக்குரிய இஞ்சாருங்கோ,

நீங்கள் இருந்த காலத்தில் உங்கள் பெயரைச் சொல்லி நான் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. இப்போது மட்டும் என்ன புதுப்பழக்கம்? அப்படியே கூப்பிடுகிறேன். நாலு பேர் படிக்கப்போகிற கடிதம்தான் இது, படிக்கட்டும். உங்கள் ஆட்கள் படித்தால் இன்னும் நல்லது.

நீங்கள் என்னைச் சுகமா என்று கேட்கமாட்டீர்கள், "காஸ் வருதோ?" என்றுதான் முதலில் கேட்பீர்கள். வருகிறது. காஸ் கிடங்குக்குச் சாணம் தர இரண்டு மாடும் நிற்கின்றன, சிவப்பி மட்டும் கொஞ்சம் மெலிந்துவிட்டாள். கூரையில் சைக்கிள் டைனமோவைப் பூட்டி நீங்கள் நிறுத்திய காற்றாடியும் சுற்றுகிறது. காற்றடிக்கிற நாளில் றேடியோவில் செய்தி கேட்போம், அடிக்காத நாளில் நானும் மகள் வசந்தியும் சண்டை பிடிப்போம். யுத்தத்தில் கரண்ட் போய் நாலு வருசமாகிறது, இன்னும் வரவில்லை.

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீங்கள் போனது முந்தின ஐப்பசியில். போன ஐப்பசியில் முதல் வருச ஆட்டைத்திவசம் நடந்தது. அதைத்தான் சொல்ல வந்தேன். ஆத்திரம் அடங்கட்டும், பிறகு எழுதலாம் என்று இவ்வளவு நாளும் வைத்திருந்தேன். அடங்கவில்லை.

இந்த வீட்டைக் கட்டிய நாளிலிருந்தே உங்கள் ஆட்களுக்குச் சிரிப்புத்தான். காணி என் சீதனம், உழைப்பு உங்களுடையது, அவர்களுக்கு எங்கே வலித்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஊரெல்லாம் மதகும் பாலமும் கட்டுவித்த ஓவசியர் நீங்கள். சொந்த வீட்டுக்கு அத்திவாரம் போட்டதும், சாம்பிராணித் தட்டை ஏந்திக்கொண்டு காணிக்குள் சுற்றினீர்கள். சோளகக் காற்று வீசும்போது ஒருமுறை, வாடைக் காற்று வீசும்போது ஒருமுறை. புகை போகிற வழியைப் பார்த்துப் பார்த்து, யன்னல் இங்கே, காற்றுத் துவாரம் அங்கே என்று கரியால் கோடு போட்டீர்கள். கண்ணூறு கழிக்கிறீர்கள் என்று நினைத்து மேசன்மார் கைகட்டி நின்றார்கள். ஒருவர் திருநீறு கேட்டுக் கையையும் நீட்டினார்.

வீடு எழும்பியதும் உங்கள் அக்கா, என் மச்சாள், வந்து பார்த்தார். "என்ன பிள்ளை, யன்னலெல்லாம் வாக்குக்கண் மாதிரிக் கோணல்மாணலாக் கிடக்கு?" என்றார். உங்கள் தம்பியார் அதே வருசம் தன் வீட்டையும் கட்டினார். கொங்கிறீற் கூரை, சுற்றிவரக் கண்ணாடி, அறைக்கு ஒரு ஃபேன். ஜெர்மனியில் இருந்து மகன் அனுப்புகிற காசு றோட்டால் போகிறவர்களுக்குத் தெரியாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

கரண்ட் போனதும் அந்த வீடு பாண் சுடுகிற போறணையாகிவிட்டது. அதற்குப் பிறகு அக்காவும் தம்பியும் மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு நம் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். உங்கள் சாய்மனைக்கதிரையில் அவர், கீழே பாயில் மச்சாள். யன்னலால் வருகிற காற்றில் இரண்டு பேரும் குறட்டை விடுவார்கள். தேத்தண்ணி என்று கேட்டால் மட்டும், "வேண்டாம், இப்பதான் குடிச்சனாங்கள்." மாட்டுச் சாணத்தோடு கக்கூசுக் குழாயையும் நீங்கள் காஸ் கிடங்குக்குள் விட்டதால் வந்த விரதம் அது. நம் அடுப்புக்கு அவர்கள் வைத்த பெயர் கக்கூசு அடுப்பு. உங்கள் காற்றுக்குத் தீட்டில்லை, நெருப்புக்கு மட்டும் தீட்டு. இந்தக் கணக்கை எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தார்களோ?

நான் கொதிக்கும்போதெல்லாம் நீங்கள் சிரிப்பீர்கள். "விடப்பா, காத்துத்தானே. குறையவோ போகுது?" என்பீர்கள். உங்கள் அந்தப் பெருந்தன்மையால்தான் இவர்கள் இவ்வளவு தூரம் வந்தார்கள், தெரியுமா?

நமக்கு ஆண்பிள்ளை இல்லை, உங்களுக்குக் கொள்ளி வைத்தவர் தம்பியார். திவசத்தையும் அவர்தான் செய்யவேண்டும் என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். நான் நம்புவது அவருக்குத் தெரிந்திருந்தது. திவசத்துக்கு இரண்டு கிழமை முந்தி, கால்மேல் கால் போட்டுக்கொண்டு சட்டம் பேசினார்.

"அண்ணி, அண்ணைக்குப் படைக்கிறதை உந்த அடுப்பிலை சமைக்கேலாது. குழாயை வெட்டிக் கிடங்கை மூடுங்கோ. இல்லாட்டி நான் தர்ப்பை போடமாட்டன்."

"கிடங்கை மூடமாட்டன், தம்பி."

"அப்ப அண்ணையின்ரை ஆத்துமா அலையட்டும் எண்டுறியளோ?"

எனக்கு இரண்டும் வேண்டியிருந்தது. உங்கள் திவசம் குறையில்லாமல் நடக்கவேண்டும், உங்கள் வீட்டில் ஒரு கல்லையும் யாரும் தொடக்கூடாது. அதனால் இறங்கிப் போனேன். முற்றத்தில் கல் வைத்து விறகில் சமைப்போம் என்றேன். "விறகு என்ரை பொறுப்பு" என்றார். வன்னியிலிருந்து வருகிற விறகு விற்கிற விலைக்கு இவர் எப்படி வாங்கப்போகிறார் என்று அப்போதே நான் யோசித்திருக்கவேண்டும்.

இரண்டு நாள் கழித்துக் குருக்களைக் கண்டு கதைத்துவிட்டுத் திரும்பினேன். வீட்டின் மேற்குப் பக்கம் ஒரே வெளிச்சமாக இருந்தது. நம் வேம்பு நிலத்தில் கிடந்தது. கோடாலிக்காரர் இரண்டு பேர் துண்டு போட, தம்பியார் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார். "அண்ணைக்குத்தானே, அண்ணி" என்றார்.

அத்திவாரத்துக்கு நூல் பிடிக்க முந்தியே நீங்கள் நட்ட மரம் அது. பின்னேர வெயில் சுவரில் விழக்கூடாது என்று தூரம் பார்த்து நட்டீர்கள், நான் கிணற்றில் அள்ளி அள்ளி ஊற்றினேன். ஒரு மனிதரின் ஆத்துமா சாந்தியடைய அவர் வீட்டு நிழலையே தறித்து அடுப்பில் வைக்கலாம் என்று நினைத்த மூளையை என்னவென்று சொல்வது? வாயில் வந்ததெல்லாம் கெட்ட வார்த்தை. வசந்தி பக்கத்தில் நின்றதால் விழுங்கிக்கொண்டேன்.

"நல்ல வேம்பு, கெதியாக் காய்ஞ்சிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாளே மழை பிடித்தது. ஐப்பசியில் மழை பெய்யும் என்பது ஊரில் மாட்டுக்கும் தெரியும்.

திவசத்தன்று அந்த விறகு எரியவில்லை, புகைந்தது. மச்சாள் ஊதி ஊதிக் கண்ணெல்லாம் சிவந்து போனார். சோறு அரை வேக்காட்டில் நின்றது. குருக்கள் "நேரம் போகுது" என்று முனகினார். தம்பியார் தூர நின்று கட்டளை மட்டும் போட்டார். பனை உயரத்துக்குப் புகை எழும்பிய நேரத்தில் ஆமியின் ஹெலிகொப்ரர்ச் சத்தம் கேட்டது.

"புகையைக் கண்டால் சுடுவான், தண்ணியை ஊத்துங்கோ!" என்று கத்திக்கொண்டே காணிக்குள் வெட்டியிருந்த பங்கருக்குள் முதலில் பாய்ந்தவர் தம்பியார். தண்ணீர் ஊற்றியது நான். ஹெலி எங்கள் பக்கம் வராமல் போய்விட்டது. மச்சாள் எழும்பிச் சேலையை உதறினார். சோற்றுப் பானையைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு நேரே குசினிக்குள் போய் உங்கள் அடுப்பில் வைத்தார்.

"பிள்ளை, உதை எப்பிடிப் பத்த வைக்கிறது?"

பற்றவைத்துக் காட்டினேன். சோறு வெந்தது. பிறகு பருப்பு, வாழைக்காய்க் கறி, பாயாசம் என்று ஒவ்வொரு சட்டியாக உள்ளே வந்தது. முற்றத்தில் இருந்தவர்கள் எல்லாரும் கண்டார்கள், ஒருவரும் காணவில்லை. ஹெலி வந்ததும் எல்லாம் சுத்தமாகிவிட்டது.

அந்தச் சோற்றைத்தான் உங்களுக்குப் படைத்தோம். தம்பியார் தர்ப்பை போட்டுச் செய்யவேண்டியதெல்லாம் செய்தார், குறை சொல்லமாட்டேன். பிறகு இலையில் இருந்து பிசைந்து சாப்பிட்டுக்கொண்டே, "விறகிலை சமைச்சால் அதின்ரை ருசியே தனி" என்றார்.

"தம்பி, உது விறகிலை வெந்தது இல்லை. அண்ணையின்ரை அடுப்பிலை வெந்தது."

மச்சாள் வாளிக்குள் எதையோ தேடினார். தம்பியார் வாயில் இருந்ததை மென்று விழுங்கினார். என்னைப் பார்த்தார், இலையைப் பார்த்தார். "பாயாசம் இன்னும் கொஞ்சம் விடுங்கோ, அண்ணி" என்றார். விட்டேன். போகும்போது படலையடியில் நின்று, "நடந்ததை வெளியிலை கதைக்கப்படாது" என்று எனக்குச் சொல்லிவிட்டுப் போனார். அதனால்தான் இதை எல்லாரும் படிக்க எழுதுகிறேன்.

இப்போது சித்திரை. பின்னேரத்தில் மேற்குச் சுவரில் கைவைக்க முடியவில்லை, விறாந்தையும் கொதிக்கிறது. யன்னல்கள் நீங்கள் வைத்த இடத்தில்தான் இருக்கின்றன, வருகிற காற்றுத்தான் சூடாக வருகிறது. போன கிழமை தம்பியார் வழக்கம்போல வந்து உங்கள் கதிரையில் சாய்ந்தார். விசிறியால் விசுக்கினார், சட்டையைக் கழற்றினார், கூரையை ஒருமுறை பார்த்தார். பிறகு எனக்குப் புத்தி சொன்னார்.

"அண்ணி, மேற்காலை ஒரு மரம் நிண்டால் நல்லது."

கேலி பண்ணுகிறாரோ என்று நினைத்தேன். இல்லை. அவருக்கு உண்மையாகவே ஞாபகம் இல்லை. அவரோடு கோபிக்கக்கூட எனக்கு மனம் வரவில்லை, கோபிப்பதற்கும் ஒரு ஆள் வேண்டுமே.

"எழும்புங்கோ, தம்பி. கதிரை வேணும்" என்றேன். கதிரையைத் தூக்கி அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினேன். அவர் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். மச்சாளும் பாயிலிருந்து எழும்பிப் பின்னால் போனார். அதற்குப் பிறகு நான் அந்தச் சுவரோடு நின்று அழுதேன். மனம் உங்களை அப்படித் தேடியது, இஞ்சாருங்கோ.

ஒரு வேப்பங்கன்று நட்டிருக்கிறேன். சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி நடவேண்டும் என்று நீங்கள் சொன்னது எனக்கு ஞாபகமில்லை. கிட்டவாகப் போய்விட்டதோ? யாரைக் கேட்பேன்? அது வளரும்வரை நானும் வசந்தியும் கிடுகுத் தட்டி கட்டிச் சமாளிக்கிறோம்.

வருகிற ஐப்பசியில் தர்ப்பை போடப்போவது வசந்தி. குருக்கள் மாட்டேன் என்றால் அவர் வீட்டில் இருக்கட்டும், எங்களுக்குத் தெரிந்த தேவாரத்தைப் பாடுவோம். சமையல் முழுதும் உங்கள் அடுப்பில்தான். வருகிறவர்களுக்குப் படலையிலேயே சொல்லிவிட்டுத்தான் உள்ளே விடுவேன். அப்படிச் செய்து உங்களுக்குச் சாந்தி கிடைக்கவில்லை என்றால், தம்பியார் வீட்டுப் பக்கம் போய் அலையவேண்டாம். நேரே குசினிக்கு வாருங்கோ. நான் அங்கேதான் நிற்பேன்.

உங்கடை மனுசி,
உடுவில்.