வெள்ளச்சியைக் காணோம்

6-5-2003, செவ்வாய்

கத்திரி வெயில். காலை எட்டு மணிக்கே தரை சுடுகிறது. மாடியில் காயப்போட்ட வடகத்தில் மறுபடி கரித்தூள். மொத்தத்தையும் கொட்டினேன். கும்மிடிப்பூண்டியில் வடகம் போட நினைத்தது என் புத்தி.

கேஸ் ட்யூப் மாற்றியாயிற்று. கிளிப் இறுகிக் கிடந்தது. இவர் ஸ்கூட்டர் பெட்டியிலிருந்து குறடை எடுத்துத் திருகினேன். குறடு இப்போது சமையலறை ஜன்னலில். திருப்பி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கத்துவார். மில்லில் கம்பிக் கட்டு ஏற்றும் டெஸ்பாட்ச் வேலையில் இவர் இருக்கும்வரை இந்த வீட்டுக்குள் கயிறு என்று ஒன்று வராது. வாளிப் பிடி, துணிக்கொடி, தோட்டத்துப் படல், எல்லாவற்றுக்கும் கட்டுக்கம்பிதான். இவர் முறுக்கிய முறுக்கு குறடு இல்லாமல் அவிழாது.

சாயங்காலம் டாக்டரிடம். வீசிங் அதிகம். பூனை வளர்க்கிறீர்களா என்றார். ஆமாம் என்றேன். முதலில் அதை அனுப்புங்கள் என்றார். இத்தனை புகைபோக்கி நிற்கிற ஊரில் என் நெஞ்சு இரைப்பதற்குக் காரணம் மூன்று கிலோ பூனையாம். சிரிப்பதா அழுவதா.

திரும்பி வரும்போது இவர் ஸ்கூட்டரை மெதுவாக ஓட்டிக்கொண்டே சொன்னார்: "ஆத்துக்கு அந்தாண்ட உட்டுட்டா திரும்பி வராது மல்லி."

"உட்டுப் பாருங்க. நானும் அங்கயே போய்டுவேன்."



7-5, புதன்

புழுக்கம். கரண்ட் இல்லை, பதினொன்றிலிருந்து நான்கு வரை.

நானும் இவரும் சேர்ந்து எழுதும் மாத நாவலில் பதினோரு அத்தியாயம் முடிந்தது. கடைசி ஒன்றுதான் பாக்கி. 20ஆம் தேதிக்குள் சென்னைக்குப் போக வேண்டும். ஒன்பது வருடமாக இதே ஏற்பாடு: கதையில் குற்றத்தை இவர் செய்வார், கண்டுபிடிப்பது நான். அட்டையில் இவர் புனைபெயர். வாசகர்களைக் கேட்டால் ராணி என்கிற பூனைதான் எல்லாவற்றையும் கண்டுபிடிக்கிறது. இருக்கட்டும். முதலில் கிளி வைத்து எழுதினோம், யாரும் நம்பவில்லை. நாய் பரவாயில்லை. பூனைக்குத்தான் கடிதம் வருகிறது.

இந்த மாதம் அந்த ராணியையே யாரோ கடத்திவிடுகிறார்கள். பதிப்பகத்தார் யோசனை, வாசகர் அழ வேண்டுமாம். யார் கடத்தியது என்று எழுதியவருக்கே தெரியாது. நீ சொல்லு என்கிறார்.

ராணி என்றால் வெள்ளச்சிதான். பெயர்தான் வெள்ளச்சி, மாடிக்குப் போய்வந்தால் சாம்பல் நிறம். கர்ப்பப்பையை எடுத்துவிட்டு நான் படுத்துக் கிடந்த வருடம், யாரும் கூப்பிடாமல் உள்ளே வந்து என் வயிற்றோடு ஒட்டிப் படுத்தவள். அவளை அனுப்பச் சொல்கிறார் டாக்டர்.

9-5, வெள்ளி

இவருக்கு வார விடுமுறை. நான் மட்டும் காலை பஸ்ஸில் பெரியபாளையம். வேண்டுதல் நெடுநாள் பாக்கி. கூட்டம், வேப்பிலை, வியர்வை. திரும்ப மூன்று மணி. வெள்ளச்சி வாசலில் இல்லை. எப்போதும் இருப்பாள்.

இவர் நாலு மணிக்கு வந்தார். கையில் மடவை மீன். கல்யாணமாகி இருபது வருடத்தில் இவர் மீன் வாங்கி வந்ததே இல்லை. மில்லில் ஒருத்தர் கொடுத்தாராம். வலது கையில் கைக்குட்டை சுற்றியிருந்தது. இன்னா அது என்றேன். கம்பி கிழிச்சுதாம்.

குழம்பு வைத்தேன். தலை இரண்டையும் வெள்ளச்சிக்காக எடுத்து மூடி வைத்தேன். இவர் சாப்பிடவில்லை, வயிறு சரியில்லையாம்.

10-5, சனி

வரவில்லை. பம்ப் செட், பாழடைந்த குடோன், ரயில்வே கேட் வரை பார்த்தேன். பேர் சொல்லிக் கூப்பிட்டதைக் கேட்டு ஊரே சிரித்தது. மீன் தலையைக் காக்கைக்குப் போட்டேன்.

12-5, திங்கள்

கதைக்கு எழுதுகிற மாதிரி எழுதிப் பார்க்கிறேன்.

குளியலறை வாசலில் மிதியடியாகக் கிடந்த அரிசிச் சாக்கு இல்லை.

இவர் கையில் இருப்பது நாலு கோடு. பக்கத்தில் பக்கத்தில், ஒரே அளவு இடைவெளி. கம்பி அப்படிக் கிழிக்காது.

விடுமுறை அன்று மில்லில் யார் மீன் கொடுப்பார்கள்?

பக்கத்து வீட்டு ரமணம்மா, குழாயடியில், நான் கேட்காமலே: "வெள்ளிக்கெழம அண்ணன் ஸ்கூட்டர்ல சாக்கு வெச்சிக்கினு போனாரே அக்கா, அரிசி அரைக்கவா?"

கதையில் இரண்டு துப்பு கிடைத்தாலே ஆளைப் பிடித்துவிடுவேன். இங்கே நாலு இருக்கிறது, ஆள் எதிரே உட்கார்ந்து மோர் குடிக்கிறார், கேட்க வாய் வரவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார், அதுதான் பயம்.

ஆற்றுக்கு அப்பால் விட்டிருப்பார். அவ்வளவுதான். பூனையைக் கொல்கிற பாவத்தை யாரும் சுமக்க மாட்டார்கள். எங்கேயோ உயிரோடு இருக்கிறாள்.

வெள்ளச்சி இல்லாமல் நாலாவது நாள். வீசிங் அப்படியே இருக்கிறது. டாக்டரிடம் போய்ச் சொல்ல வேண்டும்.

14-5, புதன்

இவரிடம் தங்கை வீடு என்று பொய். பொன்னேரி போய் அங்கிருந்து பழவேற்காடு பஸ். ஆரணியாறு தாண்டி, மடவை மீன் கிடைக்கிற இடம் அதுதானே. உப்புக் காற்றில் மூச்சு கொஞ்சம் இறங்கியது.

படகுத்துறையில் பூனைகள் ஏராளம். வெள்ளை மூன்று. ஒன்று அவளைப் போலவே நடந்தது. ஓடிப் போய்ப் பார்த்தேன், கடுவன். மணலில் உட்கார்ந்து அழுதுவிட்டேன், வெட்கமே இல்லாமல்.

வலைக்கடை பாய் தண்ணீர் கொடுத்தார். வயதானவர், அதட்டல் இல்லாத பேச்சு. வாரத்துக்கு ஒருத்தராவது இங்கே பூனையைக் கொண்டுவந்து விடுகிறார்களாம், மீன் தின்று பிழைத்துக்கொள்ளும் என்று. வெள்ளிக்கிழமை ஸ்கூட்டரில் யாராவது வந்தார்களா என்று கேட்டேன். யோசித்தார்.

"ஜும்மாவுக்குப் போறப்ப ஒருத்தர் சாக்கு வெச்சிக்கினு வெயில்ல குந்திக்கினு இருந்தாரும்மா. தொழுதுட்டு வந்தேன், அப்பவும் அங்கயே குந்திக்கினு இருந்தாரு."

பூனையை விட்டுவிட்டால் கிளம்ப வேண்டியதுதானே. எதற்கு உட்கார வேண்டும்? பஸ்ஸில் வழி முழுக்க இதே கேள்வி. ஒருவேளை திரும்ப எடுத்துக்கொள்ளலாமா என்று யோசித்திருப்பார். அப்படித்தான் இருக்கும்.

17-5, சனி

பால் திரிந்துவிட்டது. ரேஷனில் மண்ணெண்ணெய் இல்லை. மாத்திரை: காலை 1, ராத்திரி 1.

இவர் நாலு நாளாகப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஒரு வரி ஓடவில்லை. இன்று காகிதக் கட்டை என் பக்கம் தள்ளிவிட்டார். முகத்தைப் பார்க்கவில்லை.

"நீயே எழுதிடு மல்லி. என்னால ஆவல."

எழுதினேன். இரண்டு மணி நேரம், நிறுத்தவே இல்லை. சாக்கு, ஸ்கூட்டர், கையில் நாலு கோடு, மீன். ராணியைக் கடத்தியது வெளியாள் இல்லை, அவளை வளர்த்தவனே. பெண்டாட்டிக்கு மூச்சு முட்டக்கூடாது என்று ஆற்றுக்கு அப்பால் கொண்டுபோனான். கெட்டவன் இல்லை. அவனைக் கெட்டவனாக எழுத எனக்குக் கை வரவில்லை. கடைசிப் பத்தியில் ராணி எட்டாம் நாள் காலில் சேறோடு நடந்து வந்து வாசலில் உட்காருகிறாள்.

டிபன் கேரியருக்கு அடியில் வைத்துவிட்டேன். இனி அவர் சொல்லட்டும், எங்கே விட்டார் என்று. போய்த் தூக்கி வந்துவிடலாம்.

19-5, திங்கள்

மழை வருவது போல மூட்டம், வரவில்லை. இவர் குளிக்கிறார். மேசையில் பதிப்பகத்துக்குப் போகும் கவர், இன்னும் ஒட்டவில்லை. எடுத்துப் பார்த்தேன்.

நான் எழுதியதில் ஓர் எழுத்துகூட மாற்றவில்லை. கடைசிப் பத்தியை மட்டும் அடித்திருக்கிறார். கீழே அவர் கையெழுத்து:

"ராணி வரவில்லை. கரையில் அதற்கென்று மீன் வாங்கிக்கொண்டு வந்தான். சாக்கின் வாயைக் கட்டுக்கம்பியால் முறுக்கியிருந்தான். குறடு எப்போதும் வண்டிப் பெட்டியில் இருக்கும். அன்று இல்லை. கையால் ஆகவில்லை. பல்லால் கடித்து அவிழ்ப்பதற்குள் உள்ளே அசைவு நின்றுவிட்டது."

அவளுக்கு வாங்கிய மீனைத்தான் குழம்பு வைத்தேன்.

குறடு சமையலறை ஜன்னலில் அப்படியே இருக்கிறது. எடுத்தவள் நான், திருப்பி வைக்க மறந்தவள் நான். பத்து நாளாக அதற்குப் பக்கத்திலிருந்துதான் டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகிறார். குறடு எங்கே என்று ஒருநாளும் என்னைக் கேட்கவில்லை.