இளவரசி ஸ்மராந்தாவின் அப்பா

புக்கரெஸ்ட்,
22 ஜனவரி 1917

என் செல்ல மகள் ஸ்மராந்தாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். உயிரோடு இருக்கிறேன், தொந்திதான் ஒரு சுற்று குறைந்திருக்கிறது. மேலே போட்டிருக்கும் தேதியைப் பார்த்துக் குழம்பாதே. ஜெர்மானியர்கள் ஊரைப் பிடித்த கையோடு காலண்டரையும் மாற்றிவிட்டார்கள். யாஷ் நகரத்தில் உனக்கு இன்னும் ஜனவரி ஒன்பதுதான். அப்பா உன்னைவிட முன்னேறிப் போனது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.

ராஜாவும் அரசாங்கமும் யாஷுக்குப் போன ரயிலில் நீயும் ஏறியபோது, "வீட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள் அப்பா" என்றாய். பார்த்துக்கொள்கிறேன். என்ன, கூட ஒருவரும் பார்த்துக்கொள்கிறார். ஜெனரல் ஃபான் ரெத்விஷ் என்று பெயர். மாடியில் உன் அறையும் அதற்கு அடுத்த அறையும் அவருக்கு. வீடு முழுக்கப் பூட்ஸ் சத்தம். சமையல்கார சஃப்தா அவர்களுக்குப் பரிமாறும்போது, தெருநாய்க்கு வைப்பதுபோல் தட்டைத் தள்ளிவிட்டுப் போகிறாள். "நிதானமா வைக்கலாமே" என்றேன். "நிதானமாத்தான் வைக்கிறேன் எஜமான். இல்லேன்னா தலையில கவுத்திருப்பேன்" என்றாள்.

ஒரு சின்ன விஷயம். வேறு யாராவது சொல்லி உனக்குத் தெரியவருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். ஜெனரல் வந்த அன்றைக்கு வாசலில் அவரை ரொட்டியும் உப்பும் கொடுத்து வரவேற்றுவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை. நம் வீட்டுப் படியில் முதல் தடவை ஏறுகிறவர்களுக்கு அது உண்டல்லவா? தபால்காரனுக்குக்கூடக் கொடுத்திருக்கிறோம். பூவேலை செய்த துண்டு, தட்டு, ரொட்டி எல்லாம் என் கையில் இருந்ததை நானே அப்புறம்தான் பார்த்தேன். அவர் பிட்டுத் தின்றார். யாரோ ஒரு போட்டோக்காரன் கூடவே வந்திருந்தான். வந்துவிட்டுப் போகட்டும், பழைய குடும்பப் பட்டத்தால் மட்டும் இளவரசன் என்று பெயர் வாங்கிய இந்த மூஞ்சியை யார் பத்திரிகையில் போடப் போகிறார்கள்?

ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலையில் உன்னைக் கஷ்டப்படுத்துகிறார்களா? கம்பளி உள்ளாடை போட்டுக்கொள். இந்தக் கடிதம் டென்மார்க் தூதரகத்து அம்மாளின் பையில் பாதி ஐரோப்பாவைச் சுற்றிக்கொண்டு உன்னிடம் வரும். நடுவில் யாரும் பிரிக்க மாட்டார்கள் என்று அவள் சத்தியம் செய்திருக்கிறாள். அதனால் மனம்விட்டு எழுது.

உன் பழைய முட்டாள்,
அப்பா

---

யாஷ்,
20 பிப்ரவரி 1917 (பழைய கணக்கு)

அன்புள்ள அப்பா,

கடிதம் கிடைத்தது. அதற்கு முன்பே உங்கள் படம் கிடைத்துவிட்டது.

ஜெர்மானிய விமானம் ஒன்று நம் பதுங்குகுழிகளின் மேல் அதை மழைபோல் கொட்டிவிட்டுப் போனது. "உங்கள் பிரபுக்கள் எங்களை எப்படி வரவேற்கிறார்கள் பாருங்கள்" என்று கீழே உங்கள் பெயரோடு எழுதியிருந்தது. படத்தில் நீங்கள் சிரிக்கிறீர்கள், அப்பா. அது மரியாதைக்குச் சிரிக்கும் சிரிப்பு என்று எனக்குத் தெரியும். முழங்கால்வரை சேற்றில் நின்று அந்தத் தாளைப் பொறுக்கியவனுக்கு அது எப்படித் தெரியும்?

என் வார்டில் கவ்ரிலா என்று ஒரு சிப்பாய். ரெண்டு காலையும் எடுத்துவிட்டார்கள். தினமும் நான்தான் கஞ்சி ஊட்டுவேன். "இளவரசி கையால சாப்பிடுறேன்னு எங்க ஊர்ல எவன் நம்புவான்?" என்று சிரிப்பார். அந்தத் தாள் வந்த அன்றைக்குக் கஞ்சிக்கு வாயைத் திறக்கவில்லை. தலையணைக்குக் கீழேயிருந்து அந்தத் தாளை எடுத்துக் காட்டினார்.

"இது உங்கப்பாதானே, தாயி?"

"ஆமாம்."

"அப்ப போயி அந்த ஜெனரலுக்கே ஊட்டுங்க."

சொல்லிவிட்டு அவரே அழுதார். எனக்கு அழக்கூட உரிமை இல்லாத மாதிரி இருந்தது. சாயங்காலம் தலைமை நர்ஸ் கூப்பிட்டனுப்பினாள். அவளுக்கு என்மேல் கோபமில்லை. "நீ வார்டுல இருந்தா பசங்க மருந்து குடிக்க மாட்டேங்கிறாங்க. வேற என்னம்மா செய்யச் சொல்றே?" என்றாள். இப்போது பின்கட்டில் துணி அவிக்கும் கொட்டகையில் இருக்கிறேன். விஷக்காய்ச்சலில் போனவர்களின் துணி. பேன் அப்பும் என்று தலைமுடியை ஒட்ட வெட்டிவிட்டார்கள்.

உங்களை ஒன்றே ஒன்று கேட்கிறேன். இனிமேல் எந்த வாசலிலும் நிற்காதீர்கள். உங்களுக்கு ஏதாவது காய்ச்சல் வரட்டும். போர் முடியும்வரை படுத்தே கிடங்கள். யார் வந்தாலும் முனகுங்கள். அது ஒன்று போதும்.

ஸ்மராந்தா

---

புக்கரெஸ்ட்,
12 ஏப்ரல் 1917

என் கண்ணே,

உன் முடியை நினைத்துக்கொண்டே இரண்டு நாள் வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்தேன். அந்தச் சிரிப்பை எங்கே கற்றேன் என்றும் யோசித்தேன். பாரிஸில் சட்டப் படிப்பில் இரண்டு முறை தோற்றேன் அல்லவா? அங்கே எனக்கு ஒழுங்காக வந்தது அந்தச் சிரிப்பு ஒன்றுதான்.

நீ சொன்னபடியே படுத்தேன். முனகினேன், நன்றாகவே முனகினேன். சஃப்தாவே பயந்து பாதிரியாரைக் கூப்பிடப் போய்விட்டாள். ஜெனரல் தன் பட்டாள டாக்டரை அனுப்பினார். அந்த ஆள் என் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டான், முதுகில் தட்டினான், கடைசியில் "வாழ்த்துகள், இளவரசரே! இந்த வயதில் இப்படி ஒரு இதயமா!" என்று கை குலுக்கிவிட்டுப் போனான். பிறகு ஜெனரலே பழக்கூடையோடு என் அறைக்கு வந்து உட்கார்ந்தார். நான் படுக்கையில், தலையில் ஈரத்துணியோடு. அவமானத்துக்கு ஒரு உருவம் வேண்டுமென்றால் அன்றைக்கு என்னை வந்து பார்த்திருக்கலாம்.

அவர் எடுத்துக்கொண்டு வந்தது பழம் மட்டுமல்ல. ஒரு மனு. "நாட்டைப் போருக்கு இழுத்துவிட்ட ராஜா விலக வேண்டும்" என்று நம் பழைய குடும்பத்துப் பிரபுக்கள் கேட்டுக்கொள்கிறார்களாம். கீழே ஏற்கனவே சில கையெழுத்துகள். எல்லாம் எனக்குத் தெரிந்தவர்கள். கூடவே, "இளவரசி ஸ்மராந்தாவையும் வரவழைத்துவிடுங்கள். சுவீடன் வழியாகப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பது எங்கள் பொறுப்பு. அவர் ஒருவர் திரும்பி வந்தால் போதும், யாஷில் இருக்கும் மற்ற பெரிய வீட்டுக்காரர்களும் யோசிப்பார்கள்" என்றார். அவருக்கு வேண்டியது என் பெயரைவிட உன் பெயர்தான். எனக்கே புரிகிறது என்றால் பார்த்துக்கொள்.

மகளைக் கேட்காமல் எதுவும் செய்ய மாட்டேன் என்று தவணை வாங்கியிருக்கிறேன். அவரும் சந்தோஷமாகச் சரி என்றார். பக்கத்து வீட்டு நண்பன் அலேக்கு, ஜெனரல் கேட்ட மாத்திரத்தில் முடியாது என்று சொல்லிவிட்டான். சொன்ன மறுநாள் காலை அவனை இருமலோடும் ஒரு போர்வையோடும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பல்கேரியா பக்கம் ஏதோ முகாமாம். நான் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். அவன் நம் ஜன்னலை நிமிர்ந்து பார்த்தான். நான் திரையை விட்டுவிட்டேன்.

நீயே சொல், கண்ணு. கையெழுத்துப் போட வேண்டாம் என்றால் போடவில்லை. நீ என்ன எழுதுகிறாயோ அதுதான்.

அப்பா

---

யாஷ்,
3 மே 1917 (பழைய கணக்கு)

அப்பா,

நான் வர மாட்டேன். அதை ஜெனரலிடம் சொல்லிவிடுங்கள்.

மனு விஷயத்தில் என்னைக் கேட்காதீர்கள். வேண்டாம் என்று எழுதினால் உங்களை முகாமுக்கு அனுப்பியது நான் என்றாகும். போடுங்கள் என்று எழுதினால் இங்கே செத்தவர்கள் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் என்னைக் கேட்கிறீர்கள்.

கவ்ரிலா ஈஸ்டருக்கு முந்தின நாள் இறந்துபோனார். அவர் துணியையும் நான்தான் அவித்தேன்.

ஸ்மராந்தா

---

புக்கரெஸ்ட்,
17 ஜூன் 1917

ஸ்மராந்தா,

கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

மிரட்டினார்கள் என்று எழுதத்தான் ஆசை. அதில் ஒரு கௌரவமாவது இருக்கும். யாரும் மிரட்டவில்லை. நல்ல காப்பி கொடுத்தார்கள். நிஜக் காப்பி, ஊரில் எல்லோரும் வறுத்த பார்லியைக் குடித்துக்கொண்டிருக்கும்போது. ஜெனரல் பேனாவை நீட்டி, "இளவரசருக்குச் சிரமம் கொடுக்கிறேன்" என்றார். அவ்வளவு மரியாதையாகக் கேட்கிறவரிடம் எப்படி முடியாது என்று சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. உன் அப்பாவை விலைக்கு வாங்கவே வேண்டாம் அம்மா, நாற்காலி போட்டு உட்காரவைத்தால் போதும்.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தேன். சஃப்தா தட்டு வைக்கவில்லை.

"கையைக் கழுவிட்டு வாங்க எஜமான்."

"கழுவியாச்சு."

"இன்னொரு தடவ கழுவுங்க."

எழுந்து போய்க் கழுவினேன். ஐம்பத்தெட்டு வயது இளவரசன், சமையல்காரி சொன்னாள் என்று சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டு நின்றேன். திரும்பி வந்தபோது சூப் இருந்தது, அவள் இல்லை. சமையல்கட்டில் தலைத்துணியில் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது.

இந்த மனுவையும் அச்சடித்து உங்கள் தலையில் கொட்டுவார்கள். அதற்குள் நீ ஒரு காரியம் செய். யாஷ் பத்திரிகையில் ஓர் அறிவிப்புப் போடு. நானே எழுதித் தருகிறேன்: "மனோலாக்கே கிரிந்தெஸ்கு என்பவருக்கும் எனக்கும் இன்றிலிருந்து எந்த உறவும் இல்லை. அவரை என் தந்தை என்று யாரும் குறிப்பிட வேண்டாம்." சுருக்கமாக, நன்றாக வந்திருக்கிறதா? நான்கு முறை அடித்து அடித்து எழுதினேன். "துரோகி" என்று ஒரு வார்த்தை சேர்க்கலாம் என்று தோன்றினால் சேர்த்துக்கொள். உன்னை மறுபடி வார்டுக்குள் விடுவார்கள். நான் உனக்குச் செய்யக்கூடியது இது ஒன்றுதான் மிச்சம்.

மனோலாக்கே

---

யாஷ்,
25 ஜூலை 1917 (பழைய கணக்கு)

அப்பா,

மனுவும் வந்து விழுந்தது. எதிர்பார்த்ததுதான், ஆனாலும் உங்கள் கையெழுத்தைத் தேடிக் கண்டுபிடிக்கும்வரை வேறு யாரோ என்று நினைத்துக்கொண்டே படித்தேன்.

அறிவிப்புப் போட மாட்டேன். வார்டுக்குத் திரும்ப அது ஒரு வழி என்று தலைமை நர்ஸும் சொன்னாள். மாட்டேன் என்றேன். கொட்டகையில் என்னோடு துணி அவிக்கும் மரீனா கேட்டாள்:

"அந்தத் தாள்ல இருக்கிற ஆளு உனக்கு யாரு?"

"எங்கப்பா."

"அப்பறம் ஏண்டி இங்க கெடந்து சாகுற? ராசாத்தி மாதிரி அங்க போயி இருக்கலாமில்ல?"

"அவர் எங்கப்பாங்கிறதனாலதான்."

அவளுக்குப் புரிந்ததா தெரியவில்லை. வாளியின் மறுபிடியைப் பிடித்துக்கொண்டாள்.

உங்களை நினைத்து வெட்கப்படுகிறேன், அப்பா. காலையில் எழுந்ததும் முதலில் வருவது அதுதான். ஆனால் அடுத்த வீட்டுக்காரருக்காக யாராவது இப்படி வெட்கப்படுவார்களா? உறவில்லை என்று அச்சடித்துவிட்டால் இந்த வெட்கம் யாருடையதும் இல்லாமல் போய்விடும். அது நடக்கக் கூடாது.

போர் முடிந்தால் விசாரணை வரும். என்னைக் கூப்பிட்டால் உங்கள் கடிதங்களில் உள்ளதை உள்ளபடி சொல்வேன். காப்பியையும் சொல்வேன். உங்களைக் காப்பாற்ற ஒரு வார்த்தை கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். சொல்லி முடித்துவிட்டு வாசலில் உங்களுக்காகக் காத்திருப்பேனா என்று கேட்காதீர்கள். எனக்கே தெரியாது.

அதுவரை எழுத மாட்டேன். நீங்களும் எழுத வேண்டாம்.

உங்கள் மகள்,
ஸ்மராந்தா

---

புக்கரெஸ்ட்,
30 நவம்பர் 1918

அன்புள்ள ஸ்மராந்தா,

எழுத வேண்டாம் என்றாய். ஒரு வருஷத்துக்கு மேல் கேட்டு நடந்தேன். நான் உன் பேச்சைக் கேட்டு முழுதாகச் செய்த ஒரே காரியம். இன்றைக்கு மீறுகிறேன். இதைக் கொண்டுவருகிற ஆள் ஊருக்கு வெளியே முகாமிட்டிருக்கும் உங்கள் வண்டிகளுக்குப் பால் கொடுக்கிறவன்.

ஜெர்மானியர்கள் போய்விட்டார்கள். ஜெனரல் கிளம்பும்போது என் கையைக் குலுக்கி, விருந்தோம்பலுக்கு நன்றி சொன்னார். அந்த நன்றியை எங்கே வைப்பது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

நேற்று நானே நகர மண்டபத்துக்குப் போய், மனுவில் கையெழுத்துப் போட்டவன் நான், என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். குமாஸ்தா தலையைத் தூக்காமல், "வரிசைல உக்காருங்க ஐயா, உங்களுக்கு முன்னாடி இன்னும் சில பிரபுக்கள் இருக்காங்க" என்றான். உட்கார்ந்தேன். எல்லோரும் மிரட்டப்பட்டவர்களாம். என் முறை வந்ததும் காப்பி என்றேன். குமாஸ்தா அப்போதுதான் தலையைத் தூக்கினான். மிச்சத்தை நீ சொல், உள்ளபடி சொல். எனக்கு வருத்தமில்லை, எனக்காக யாரும் உண்மையை அளந்து பேச வேண்டாம்.

அலேக்கு திரும்பி வந்துவிட்டான். பாதி ஆள்தான் வந்திருக்கிறான். தெருவில் எதிரே வந்தவன் நின்று, "மனோலாக்கே, உடம்பு நல்லா இருக்காடா?" என்று கேட்டான். அதற்குப் பதில் அவன் என்னை அறைந்திருக்கலாம்.

நாளைக்கு நம் படையும் ஆஸ்பத்திரி வண்டிகளும் ஊருக்குள் வருகின்றன. நர்ஸுகளை முன் வண்டியில் உட்காரவைத்துக் கூட்டிவருவார்கள் என்று பேசிக்கொள்கிறார்கள். பிரபுக்களுக்கு மேடை போட்டிருக்கிறார்கள். அங்கே நான் போக மாட்டேன். சஃப்தா, "கதவை அடைச்சிட்டு உள்ளயே இருங்க, கல்லெறிவாங்க" என்கிறாள். அவள் சொல்வது சரிதான். ஆனாலும் வருவேன். பாலத்துக்குப் பக்கத்தில், கூட்டத்துக்குப் பின்னால், தொப்பி இல்லாமல் நிற்பேன். நீ திரும்பிப் பார்க்க வேண்டாம். பார்க்க நேர்ந்துவிட்டால் கையசைத்துவிடாதே, உன் கூட இருக்கிறவர்கள் பார்ப்பார்கள்.

பக்கத்தில் நிற்கிறவர் யாராவது என்னிடம், "முடி வெட்டின அந்தப் பொண்ணு யாரு?" என்று கேட்கக்கூடும். தெரியாது என்று சொல்லிவிட வேண்டும். காலையிலிருந்து கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்க்கிறேன். இதுவரை ஒரு தடவைகூடச் சரியாக வரவில்லை.

அப்பா