ஐஸில் புதைத்த ஊசி

மஸ்கட்,
12.3.2014

அன்புள்ள அப்பாவுக்கு,

அபினா எழுதுகிறேன். எனக்குச் சுகம்தான். அம்மாவின் கால் இப்போது எப்படி இருக்கிறது?

அம்மாவின் எம்.எஸ். நரம்பு நோய்க்கு சர்க்கார் ஆஸ்பத்திரியில் தந்த ஊசிகளை நீங்கள் மீன்பெட்டி ஐஸுக்குள் புதைத்துக் கொண்டுபோனீர்களாம். அவை உறைந்து வீணானதற்கு மருந்து கொடுப்பவர் வரிசைக்கு முன்னால் உங்களை ஏசினாராம். தங்கச்சி சொன்னாள். "ஐஸில வச்சு கொண்டு போவும்" என்றது அவர்தானே? உறையக் கூடாது என்று சொல்ல வாய் வலித்ததா? நாற்பது வருடம் மீனை ஐஸில் கெடாமல் காத்த நீங்கள் வேறென்ன செய்வீர்கள்?

இங்கே என் மருந்துக்கடையில் நேற்று ஊசி வாங்கிய ஒரு பெரியவரிடம் உறையக் கூடாது என்று மூன்று தடவை சொன்னேன். காது கேட்கிறது மகளே என்று சிரித்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சளி என்று சமாளித்தேன்.

லீவில் ஊருக்கு வரும் வேளாங்கண்ணி அக்காவிடம் குளிர்ப்பை கொடுத்துவிட்டிருக்கிறேன். அதில் ஊசி ஐஸில் படாது. அக்கா திரும்பும்போது கொஞ்சம் நெத்திலிக் கருவாடு கொடுத்துவிடுங்கள்.

நீங்கள் அந்த மருந்து கொடுப்பவரிடம் மன்னிப்புக் கேட்டீர்களாமே. அடுத்த மாதம் ஊசி வாங்கப் போகும்போது தலை குனிய வேண்டாம், அப்பா. "உறையக் கூடாதுன்னு நீரு சொல்லல்ல" என்று வரிசை முழுக்கக் கேட்கும்படி சொல்லுங்கள்.

வேலைக்குப் போக வண்டி வந்துவிட்டது.

உங்கள் அபினா