விளக்குக்கு மட்டும் வாங்கிய சத்தியம்

மார்கழி 24, வியாழன்

கடும் பனி. சரோஜா போட்ட கோலம் ஈரத்திலேயே கரைந்துவிட்டது. எண்ணெய் வாங்க வேண்டும், திரி இருக்கிறது.

வீடு பார்க்க வில்லியனூரிலிருந்து ஒருவர் வந்தார். பெயர் ராமலிங்கம். நெற்றி நிறைய விபூதி, மரியாதையான பேச்சு. முழுத்தொகையும் ரொக்கமாகத் தருகிறேன் என்றார். உள்ளூரில் கேட்டவர் கரும்பு வெட்டினபிறகு பாதி, மறுவருஷம் பாதி என்று இழுக்கிறார். சரோஜாவுக்குத் தை கடைசியில் கல்யாணம். அண்ணன் பெற்றுவிட்டுப் போன பெண். கரும்பு வெட்டுகிறவரை மாப்பிள்ளை வீட்டார் காத்திருப்பார்களா.

சமையல்கட்டை அவர் பார்க்கவில்லை. கிணற்றையும் பார்க்கவில்லை. தெருப்பக்கத்து அறையைக் கையால் அளந்தார். சுவரை இடிக்கலாமா என்று கேட்டார். ஆற்றுத்துறைக்கு எவ்வளவு தூரம் என்றார். சாவி மட்டும் தை ஐந்தாம் தேதி ஆற்றுத் திருநாளுக்கு முந்தியே வேண்டுமாம்.

பெண்ணையாற்றுக்கு அக்கரையில் சாராயத்தை நிறுத்திவிட்டார்கள். இக்கரையில் இன்னும் பிரெஞ்சுக்காரன், தடை ஒன்றும் கிடையாது. பொழுது சாய்ந்தால் தண்ணீரில் இறங்கி வருகிற கும்பலைத் தினமும் பார்க்கிறேன். எனக்குத் தெரியாதா.

கேட்கவில்லை. வாய் ஓயாத நான், ஊரில் எல்லார் கதையும் கேட்கிற நான், என்ன செய்யப்போகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பதிலுக்கு என்ன செய்தேன்? சாமி மாடத்தில் கற்பூரம் ஏற்றி, இந்த மாடத்தில் தினமும் விளக்கு வைக்கவேண்டும், சத்தியம் செய்யுங்கள் என்றேன். மனுஷன் சந்தோஷமாக உள்ளங்கையால் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தார்.

அவர் போனதும் சரோஜா, "இன்னா அத்தை, அவரு அடுப்பங்கரை பக்கமே போவலியே" என்றாள். ஆம்பிளைகள் அதையெல்லாம் பார்க்கமாட்டார்கள் என்றேன்.

மார்கழி 26, சனி

திருப்பாவைக்குப் போகவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டேன். தலை வலிக்கவில்லை.

எதிர்வீட்டு முனியம்மா பால் கொண்டுவந்தாள். போன ஆடியிலிருந்து காசு வாங்குவதில்லை. அவள் புருஷன் கோவிந்தன் வண்டிக்காரன். வண்டி ஓட்டின கூலி மொத்தமும் குடிக்குப் போகும், அவள் முதுகில் அடி விழும். ஆடியில் நான்தான் அவனைக் கையைப் பிடித்து இழுத்துவந்து, இதே மாடத்துக்கு முன் இனிக் குடிப்பதில்லை என்று கற்பூரம் அணைக்க வைத்தேன். அன்றிலிருந்து தொடவில்லை. அதை நான் எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

வூடு யாருக்கு அத்தை என்றாள். வில்லியனூர்க் குடும்பஸ்தர் என்றேன். பொய் இல்லை. அவருக்குப் பெண்டாட்டி பிள்ளை உண்டு.

பாகூருக்கு எடுத்துப்போக: பித்தளைக் குடம், அம்மி, போய்ச்சேர்ந்த என் வீட்டுக்காரர் படம், சரோஜா பெட்டி, குத்துவிளக்கு. கோயிலுக்குப் பக்கத்திலேயே அறை பேசியாகிவிட்டது. இரண்டு வேளையும் சிவனைப் பார்க்கலாம். அந்த ஆசையும் இருந்தது எனக்கு. கல்யாணத்துக்காக மட்டும் என்று எழுதினால் அது பொய்.

மார்கழி 29, செவ்வாய், போகி

பழம்பாய், துடைப்பம், முறம் எல்லாம் எரித்தோம். ஒரே புகை.

விற்கிற வீட்டுக்கு வெள்ளையடிப்பு எதற்கு என்று சரோஜா கேட்டாள். முனியம்மா விடவில்லை. சொல்லாமலே சுண்ணாம்பு கரைத்துக்கொண்டு வந்து அவளே அடித்தாள். தெருப்பக்கத்து அறையை இரண்டு தரம் அடித்தாள். வருகிற வீட்டுக்காரம்மா நம்ம தெருவைப் பற்றிக் குறைவாக நினைக்கக் கூடாதாம்.

மத்தியானம் கிணற்றடியில் சண்டை. ராமலிங்கம் சர்க்கார் ஏலத்தில் சாராயக்கடை எடுத்திருக்கிறார், வைக்கப்போவது அத்தை வீட்டில்தான் என்று வண்ணாரப் பெண் சொல்லியிருக்கிறாள். முனியம்மா குடத்தை வைத்துவிட்டு அவள்மேல் பாய்ந்தாளாம். "எங்க அத்தை அந்த வேலை செய்யுமாடி? சாமி வெச்ச மாடத்துல சாராயம் விக்க வுடுமா? ஒன் நாக்கு அழுவிப்பூடும்."

சுண்ணாம்புக் கையோடு வந்து அதை அப்படியே என்னிடம் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

தை 1, புதன்

பொங்கல் நன்றாகப் பொங்கியது, கிழக்குப் பக்கம் வழிந்தது. எல்லாரும் கத்தினார்கள். வெல்லம் கொஞ்சம் குறைவு.

தை 2, வியாழன்

மாட்டுக் கொம்புக்கு வர்ணம் பூசி, ஊரெல்லாம் மணிச்சத்தம். முனியம்மா பசுவை ஓட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போயிருந்தாள். அந்த நேரம் பார்த்துக் கோவிந்தன் வந்தான். தலையில் துண்டு இல்லை, கையில் வைத்திருந்தான். மாடத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"கடை வர்றது நெசந்தான் அத்தை. ராமலிங்கத்து ஆளு எங்கிட்டதான் பீப்பா ஏத்த வண்டி கேட்டான்."

திட்டுவான் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஆறு மாசமா சாராயக்கடை இருக்கற தெரு வழியாவே போவாம சுத்திக்கினு போறேன். இப்ப கதவத் தொறந்தாலே எதிர்ல. நான் தாங்க மாட்டேன் அத்தை, எனக்குத் தெரியும். சத்தியத்த மீறுனா எம் புள்ளைக்கு இன்னா ஆவுமோன்னு பயமா இருக்குது. நீங்க வாங்குனத நீங்களே திருப்பிக் குடுத்துடுங்க. குடிச்சாலும் சாமி குத்தம் இல்லாம குடிச்சுக்கறேன்."

முனியம்மாவிடம் சொல்லாதீர்கள் என்றான். பார்க்கலாம்பா என்றேன். என்னத்தைப் பார்ப்பது.

தை 3, வெள்ளி

இன்றைக்கே பத்திரம் முடிக்க ராமலிங்கம் ஆள் விட்டார். வெள்ளிக்கிழமை வீட்டு லட்சுமியை வெளியே கொடுப்பதா என்று மறுத்துவிட்டேன். சரி, சனி என்றார். நாள் கிழமை எல்லாம் எனக்கு நன்றாகத் தெரிகிறது.

விளக்கு ஏற்றினேன். எதிரே உட்காரவில்லை.

தை 4, சனி

காலையில் கோவிந்தன் வண்டியில்தான் பாகூர் போனேன். சரோஜாவும் கூட. வேறு வண்டி கிடைக்கவில்லை. வழியெல்லாம் மாட்டோடு மட்டும் பேசிக்கொண்டு வந்தான்.

பத்திரம் பதிகிற நொத்தேர் ஆபீசில் பிரெஞ்சில் வாசித்தார்கள், துபாஷி தமிழில் சொன்னார். கையெழுத்துக்கு முன்னால் ராமலிங்கத்தைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டேன். இப்போதாவது கேட்டுவிடவேண்டும் என்று. கடை வைக்காமல் குடியிருக்கக் கூடாதா என்றேன்.

அவருக்குக் கோபம் வரவில்லை. "நீங்க வெளக்குக்குத்தானேம்மா சத்தியம் வாங்குனீங்க. அதுக்கு மேல கேக்கலியே. வெளக்கு எரியும், அதுல கொறை வெக்க மாட்டேன். கடை வேணாம்னா இப்பவே சொல்லுங்க, பணத்த எடுத்துக்கினு போயிடறேன். வருத்தம் இல்ல."

இதற்குமேல் நியாயமாக ஒரு மனுஷன் என்ன சொல்ல முடியும். பெஞ்சில் சரோஜா மடியில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். வெளியே புளியமரத்தடியில் கோவிந்தன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். இரண்டு பேரையும் பார்த்தேன். உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டேன். என் பெயர் முழுசாக, தெளிவாக.

திரும்பி வந்ததும் சரோஜாவைச் சாமான் கட்டச் சொல்லிவிட்டு கோவிந்தனை உள்ளே கூப்பிட்டேன். கற்பூரம் ஏற்றினேன். இவன் சொன்ன சொல்லை இவனுக்கே விட்டேன், இனி மீறினால் குற்றம் என் தலையில் என்று சாமிக்குச் சொன்னேன். சத்தமாகச் சொன்னேன், அவன் கேட்கவேண்டும் என்று. தீபத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அணைக்கவில்லை. அதுவாக எரிந்து முடிகிறவரை இரண்டு பேரும் நின்றோம்.

பிறகு அம்மியைத் தூக்கி வண்டியில் வைத்தான்.

முனியம்மா வாசலில் அழுதாள். தூக்கு நிறையப் பால். "புது எடத்துல மொதல்ல எங்க பாலத்தான் காய்ச்சணும். இவரு மனுஷனா ஆனது ஒங்களாலதான், கோயிலுக்குப் போறப்ப எங்களயும் நெனச்சுக்குங்க அத்தை." வாங்கிக்கொண்டேன். நாளைக்குக் காலையில் அவள் கதவைத் திறப்பாள்.

தை 5, ஞாயிறு, ஆற்றுத் திருநாள்

பாகூர். அறை சின்னது, கோபுரம் தெரிகிறது. விடியலிலிருந்து ஆற்றுக்குப் போகிற வண்டிகள், பீப்பி சத்தம், பிள்ளைகள்.

கோவிந்தன் ஊருக்குத் திரும்பவில்லை. தெருமுனையில் வண்டிக்கு அடியில் சாக்கைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தான். ஏன்டா போகவில்லை என்றேன்.

"இன்னிக்கிக் கடை தொறக்கறாங்க அத்தை. நாளைக்குப் போறேன்."

முனியம்மா கொடுத்த பாலைக் காய்ச்சி முதல் தம்ளர் அவனுக்குத்தான் கொடுத்தேன். தெருவிலேயே நின்று குடித்தான். நாளைக்கும் இங்கேயே இருடா என்று சொல்ல வாயெடுத்தேன், எந்த முகத்தோடு சொல்வது. தம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.