சிரட்டையில் எண்ணிய நாடி

12 ஏப்ரல் 1953
என்னை நெல் அறைக்கு மாற்றி இன்றோடு எட்டு நாள். திருவனந்தபுரத்தில் ஒரு வருஷம் டாக்டருக்குப் படித்துவிட்டு லீவுக்கு வந்தவள் சும்மா இருந்தேனா? காலேஜில் பிணத்தை அறுத்துப் படித்த கதையை அண்ணன் பெண்டாட்டி மைனியிடம் சொன்னேன். அம்மா காதில் விழுந்துவிட்டது. தவளை தன் வாயால் கெட்டது.

இனி படிப்பு இல்லை. பிணம் தொட்ட கை தீட்டாம், சமையலறைப் பக்கம் போகக் கூடாது. மைனிக்கு ஐந்து மாதம். அவளைத் தொடவே கூடாது. என் வாட்சும் சர்டிபிகேட்டும் அப்பாவின் பெட்டிக்குள் போய்விட்டன. ஆவணியில் எனக்குக் கல்யாணமாம். "மாப்பிள வீட்டுக்கு இது தெரியப்பிடாது" என்று மட்டும் அப்பா சொன்னார்.

20 ஏப்ரல்
மிஞ்சியது மருத்துவ வரலாற்றுப் புத்தகம் ஒன்று. அதில் ஹெரோபிலஸ் பற்றிப் பத்துப் பக்கம். அவன் வாழ்க்கையைத் தமிழில் எழுதப்போகிறேன். வேறென்ன வேலை எனக்கு?

இரண்டாயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முந்திய கிரேக்க வைத்தியன். அவன் ஆட்களுக்கும் பிணம் தீட்டுதான். கடல் தாண்டி அலெக்சாந்திரியாவுக்குப் போனான். அங்கே ராஜா விட்டார்; அறுத்தான். புத்தி இருப்பது நெஞ்சில் அல்ல, மூளையில் என்றான். சிறுகுடலின் தொடக்கத்தை விரலால் அளந்து, பன்னிரண்டு விரல் என்றே பெயர் வைத்தான். அதே இடத்தில் நானும் விரல் வைத்திருக்கிறேன்.

3 மே
நாடியைத் தண்ணீர்க் கடிகாரம் வைத்து எண்ணினானாம். நானும் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் ஆணியால் துளை போட்டேன். தண்ணீர் வடிந்து தீர்வதற்குள் என் நாடி நூற்று நாற்பது.

ஜன்னலுக்கு வெளியே மைனி நின்றிருந்தாள். கம்பி வழியாகக் கையை நீட்டினாள்.

"என்னதையும் எண்ணு."

"தொடப்பிடாது மைனி."

"ஒனக்க அம்மை கோயிலுக்குப் போயிருக்கா. பிடி ஏட்டி."

நூற்று ஐம்பத்தெட்டு. நாளைக்கும் வருவாளாம்.

5 ஜூன்
பிரசவம் பார்ப்பவர்களுக்கென்றே ஹெரோபிலஸ் ஒரு புத்தகம் எழுதினான். அது தொலைந்து போயிற்று.

29 ஜூன்
மைனியின் முகம் வீங்கியிருக்கிறது. மோதிரம் கழலவில்லை. தலைவலி, கண் மங்குகிறது என்கிறாள். நாடி என் விரலைத் தள்ளுகிறது. என்ன நோய்? எனக்குத் தெரியாது, நான் செத்த உடம்பை மட்டுமே படித்தவள். ஆனால் இது சரியில்லை. நாகர்கோவிலுக்கு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னேன்.

"மொகம் வீங்கினா ஆம்பிளப் பிள்ளையாக்கும்" என்றாள் அம்மா. "ஒனக்கு எப்பிடித் தெரியும்? தொட்டியா?"

இல்லை என்றேன். பயந்துதான் சொன்னேன்.

30 ஜூன்
அம்மா நம்பவில்லை. ஜன்னலுக்கு வெளியே பலகை அடித்தாயிற்று. கதவுக்கும் பூட்டு.

11 ஜூலை
மைனிக்கு இழுப்பு. கை கால் வெட்டி வெட்டி இழுக்கிறதாம். இசக்கி பிடித்துவிட்டாள் என்று சாமியாடியைக் கூட்டிவந்து வேப்பிலை அடிக்கிறார்கள். அண்ணன் தக்கலை ஆபீசில் இருக்கிறான், ஆள் போயிருக்கிறது. கதவைத் தட்டித் தட்டிக் கை வலிக்கிறது. இசக்கி இல்லம்மா, காரப் பிடிங்கோ— ஒருத்தருக்கும் கேக்கல்லியா? கேட்டுக்கிட்டுத்தான் இருக்கியளா?

12 ஜூலை
மைனி போய்விட்டாள்.

13 ஜூலை
வயிற்றுப் பிள்ளையோடு எரிக்கக் கூடாது என்பது வழக்கம். பிள்ளையை எடுக்கிற ஆளைக் கூப்பிட அப்பா கிளம்பினார். அண்ணன் தடுத்தான். "கண்டவன் கை அவ மேல படண்டாம். தங்கச்சி வடிவு செய்யட்டு."

அப்பாவே வந்து பூட்டைத் திறந்தார். தொடாதே என்ற அதே வாயால், "நீ படிச்சவதானே" என்றார். மறுத்திருக்கலாம். யாரோ ஒருவன் கத்தியோடு அவள் பக்கத்தில் நிற்பதை நினைத்தேன், போனேன்.

ஹெரோபிலஸ் உயிரோடிருந்த கைதிகளையும் அறுத்தான் என்று ஒரு பழி உண்டு. நிஜமோ பொய்யோ. என் கை நடுங்கவில்லை. அதற்காக என்னையே வெறுத்தேன்.

பெண் குழந்தை. மைனியின் பக்கத்தில் கிடத்தினேன்.

28 ஜூலை
பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. நான் அறுத்த செய்தி மாப்பிள்ளை வீட்டுக்கும் எட்டிவிட்டது, கல்யாணம் நின்றது. அப்பா வாட்சையும் சர்டிபிகேட்டையும் நெல் மூட்டை மேல் வைத்தார். "இனி ஒன்ன எவன் கெட்டுவான்? போய்ப் படி."

இந்தக் கதவு திறக்க நீயா சாக வேண்டும், மைனி?

9 பிப்ரவரி 1956
பிரசவ வார்டில் முதல் வாரம். தக்கலையிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். எட்டு மாதம், முகம் வீங்கியிருந்தது.

"ஆம்பிளப் பிள்ளைண்ணு வீட்டுல சொல்லுதாவ. அப்பிடியா டாக்டரம்மா?"

"கையத் தா மக்கா" என்றேன்.