நீ அனுப்பிய குளிசையும் உம்மா விட்ட நோன்பும்

குறிஞ்சிப்பிட்டி,
பெருநாள் கழிந்து மூன்றாம் கிழமை, செவ்வாய்.

அன்பு மகள் ஸும்ராவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் காவலில் நீ அங்கே நல்ல சுகத்தோடு இருப்பாய் என்ற நம்பிக்கையில் உன் மாமா உசனார் எழுதுவது. நாங்களும் இங்கே சுகம் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன், அதில் பாதிதான் உண்மை, மற்றப் பாதிக்காகத்தான் இந்தக் கடிதம். போன் இருக்க ஏன் கடிதம் என்று கேட்பாய். நீ எடுத்தால் உன் உம்மா சத்தத்தைக் கூட்டி நடுவீட்டில் வைத்துவிடுவா, பக்கத்து வளவும் சேர்ந்து கேட்கும், அதனால் லீவு முடிந்து கட்டாருக்குத் திரும்புகிற அர்கமின் கையில் இதை ஒட்டிக் கொடுக்கிறேன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன்தான், ஆனாலும் என் கையெழுத்தைப் பார்த்து அரசாங்கக் கச்சேரிக் கிளாக்கர் கதிரையை விட்டு எழும்பி நின்றது ஊருக்கே தெரியும். உன் வாப்பா கடலோடு போன நாளிலிருந்து அந்த இடத்தில் நின்றவன் நான், ஆகவே ஒரு ஆம்பிளை எழுதக் கூசுகிற விஷயத்தை எழுதுகிறேன், நீயும் கூசாமல் வாசி.

போன ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நீ அனுப்பிய பெட்டியில் பால்மா, சவர்க்காரம், எனக்கு ஒரு ரோர்ச், இவற்றோடு உம்மாவுக்கென்று பன்னிரண்டு அட்டைக் குளிசையும் இருந்தது. மாதம் நின்ற பொம்பிளைகளுக்கு வருகிற சூட்டுக்கு நான் வேலை செய்கிற வீட்டு மேடம் குடிக்கிற அதே குளிசைதான் இது, அவவுக்கு இரண்டு கிழமையில் சுகம் என்று சொல்லியிருந்தாய். உன்னில் பிழை சொல்லவும் முடியாது, உம்மா பட்ட பாடு அப்படி. நின்று மூன்று வருஷமாகியும் உடம்பு மட்டும் அடுப்பாக இருந்தது. வெங்காயப் பாத்தியில் குனிந்து நிற்கிறவ சட்டென்று முகம் சிவந்து, யா அல்லாஹ் என்ட மேல் பத்துது என்று கிணற்றடிக்கு ஓடி, உடுத்த உடுப்போடு வாளி வாளியாக ஊற்றுவா, கிணறே வற்றிப் போனது. இல்லை, வற்றவில்லை, அது நான் வழக்கம்போல் கூட்டிச் சொன்னது. இந்தக் கடிதத்தில் கூட்டிச் சொன்ன இடத்தையெல்லாம் நானே வெட்டிக் காட்டுகிறேன், மற்றதை நீ நம்ப வேண்டும். குளிசை தொடங்கி ஒரு மாதத்தில் எல்லாம் அடங்கியது. நான் சும்மா இருப்பேனா, டொல்பின் பார்க்க என் போட்டில் ஏறுகிற வெள்ளைக்காரருக்கே சொன்னேன், என் தங்கச்சிக்கு இருபது வயது குறைந்துவிட்டது, அந்த மருந்தைத் தருவித்ததே நான்தான் என்று. இடையில் உம்மா மார்பு நோகிறது, தலையிடிக்கிறது, பின்னேரமானால் கால் வீங்குகிறது என்று சொன்னா. மருந்து வேலை செய்கிற அடையாளம் அது, விடாமல் குடி என்று வைத்தியம் சொன்னதும் நான்தான். அந்தச் சொல் இப்போது நினைவுக்கு வந்தால் பழுதாய்ப் போன மீனை வாயில் வைத்த மாதிரி இருக்கிறது.

ரமழான் பிறந்து ஐந்தாம் நோன்பன்று பகல் ளுஹர்த் தொழுகைக்குப் பிறகு மீன் கொடுக்கப் போனேன். குசினியில் உம்மா சுவர்ப்பக்கம் திரும்பி நின்று பாண் துண்டைத் தேத்தண்ணியில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தா. அடி நோன்புக் கள்ளி என்று ரோட்டுக்குக் கேட்கக் கத்திவிட்டேன். அவ கோப்பையைக் கீழே வைத்தா. கூட வந்த உன் மாமி என் சேர்ட்டைப் பிடித்து வெளியே இழுத்து, வாய மூடுங்க, அவக்குத் தொழுகை இல்ல என்றா. மூன்று வருஷத்துக்குப் பிறகு எப்படி என்றேன். மறுபடி வந்திரிக்கு, குளிசைக்குப் போல என்றா. மகள், அந்த நேரம் நான் பயந்திருக்க வேண்டும், ஆனால் சந்தோஷப்பட்டேன். நமது வீடுகளில் ரத்தம் கண்டால் பொம்பிளைகள் தொழுகை முசல்லாவை மடித்து வைப்பார்கள், விட்ட நோன்பை எண்ணி வைப்பார்கள், பிறகு அத்தனையையும் பிடித்துக் களாச் செய்வார்கள், அதோடு சரி. உன் உம்மாவும் பள்ளிவாசல் கலண்டரில் விட்ட நாளுக்கெல்லாம் பென்சிலால் கோடு போட்டா. ஏன் வந்தது என்று அவவும் கேட்கவில்லை, மாமியும் கேட்கவில்லை, எல்லாம் தெரிந்த நானும் கேட்கவில்லை.

அதற்கு மேலே நான் செய்ததை எழுத எனக்கே அருவருப்பாக இருக்கிறது. நோன்பு திறந்த பிறகு ஜபாரின் தேத்தண்ணிக் கடையில் இருந்துகொண்டு, தங்கச்சிக்கு இளமை திரும்பிவிட்டது என்று ஜாடையாக அவிழ்த்துவிட்டேன். இருந்தவன்கள் இளித்த இளிப்பை நீ பார்க்கக் கூடாது. ஒருவன், எனக்கும் ரெண்டு தாங்க உசனார் நானா, வீட்டில உள்ளத புதுசாக்கிப் பாப்பம் என்றான். கூடப்பிறந்தவளின் ரத்தத்தைப் பற்றிய கதை, நானும் சேர்ந்து சிரித்தேன். அடுத்த நாள் உம்மாவிடம் ஒரு அட்டை வாங்கி ஜபாருக்குக் கொடுத்தேன், அவன் மனைவி கமீலாவுக்கென்று. அந்தப் பிள்ளை நாலு வருஷத்துக்கு முன்னால் கொழும்பில் மார்பில் புற்றுநோய்க்கு ஒப்பரேசன் செய்தவள் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் கொடுத்தேன்.

இருபத்திரண்டாம் நோன்பன்று மிட்வைஃப் யூஜீனியா மிஸ்ஸி பக்கத்து வீட்டுப் பச்சைப்பிள்ளையை நிறுக்க வந்தவ, உம்மாவிடம் தண்ணீர் கேட்டு உள்ளே வந்தா, நானும் மாமியும் அப்போது அங்கேதான் இருந்தோம். உம்மாவின் முகம் வெளிறிக் கிடந்ததைப் பார்த்தா, பிறகு கலண்டரைப் பார்த்தா. இதென்ன கோடுகள் என்று கேட்டா. நோன்பு விட்ட நாள் மிஸ்ஸி, களாச் செய்யோணுமே என்று உம்மா வெட்கத்தோடு சொன்னா. பத்து நாள் கோடு, நாலு நாள் வெறுமை, பிறகு ஆறு நாள் கோடு. மிஸ்ஸி விரல் வைத்து எண்ணிவிட்டு என் பக்கம் திரும்பினா. ஒரு வருஷம் நிண்டு போன பிறகு ஒரு சொட்டு வந்தாலும் டொக்டரிட்டக் காட்ட வேணும் நானா, தொழுகையைப் பற்றி மௌலவியிட்டக் கேளுங்கோ, ரத்தத்தைப் பற்றி என்னட்டக் கேளுங்கோ என்றா. குளிசை அட்டையைக் காட்டினோம். டொக்டரின் துண்டு எங்கே என்றா, துண்டு ஏது. யார் குடிக்கிற குளிசை என்றா. அப்போதுதான் மாமிக்கு ஞாபகம் வந்தது, உன் மேடத்துக்குக் கர்ப்பப்பையை எடுத்த நேரம் நீதான் கூட இருந்து பார்த்தாய் என்று முன்பொருநாள் போனில் சொன்னாயே, அது. மிஸ்ஸி கதிரையை இழுத்துப் போட்டு அப்படியே இருந்துவிட்டா. கர்ப்பப்பை இல்லாதவவுக்கு இது மட்டும் போதும், இருக்கிறவவுக்கு இதோட இன்னொரு குளிசையும் சேர்த்துக் குடுக்க வேணும், இல்லாட்டி உள்ளுக்குத் தோல் தடிச்சுக்கொண்டே போகும் என்றா. கால் வீங்கினால் ரத்தம் கட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம், மார்பு நொந்தால் மார்பைச் சோதிக்க வேண்டுமாம், மார்பில் புற்றுநோய் வந்தவ இதைத் தொடவே கூடாதாம், நான் சொன்ன வைத்தியத்தைக் கேட்டு என்னை மேலும் கீழும் பார்த்தா. அப்ப இது நஞ்சுதானே மிஸ்ஸி என்று கேட்டேன். நஞ்சில்லை, ஆளைச் சோதிச்சு அளவோட குடுத்தா எத்தனையோ பேருக்கு நல்ல மருந்து, நீங்க குடுத்த விதம்தான் நஞ்சு என்றா. வேற ஆருக்கும் குடுத்தீங்களோ என்று கேட்டபோது செருப்பைக்கூடத் தேடாமல் எழும்பினேன்.

ஜபாரின் வீட்டுக்கு ஓடினேன். கமீலா உன்னைப் போலக் கெட்டிக்காரி. முதல்ல நீங்க முழுங்குங்க, உங்களுக்கு என்ன நடக்குதெண்டு பாத்திட்டு நான் முழுங்குறன் என்று புருஷனிடம் சொல்லியிருக்கிறாள். அந்த மடையனும் ஒன்றை முழுங்கிவிட்டு ஒரு நாள் முழுக்கக் கண்ணாடிக்கு முன்னால் நெஞ்சைத் தடவிக்கொண்டு நின்றானாம். இது நான் கூட்டியதில்லை, அவளே சொன்னது. மற்றக் குளிசைகள் அப்படியே திரும்பி வந்தன, அல்ஹம்துலில்லாஹ்.

உம்மாவைப் புத்தளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஸ்கேன் எடுத்தார்கள், உள்தோல் இருக்க வேண்டியதைவிட மிகவும் தடித்துப் போயிருந்தது, அதில் துளி எடுத்துச் சோதிக்க அனுப்பினார்கள்.  முடிவு போன கிழமை வந்தது. புற்றுநோய் இல்லை, ஆனால் இப்படியே விட்டால் அங்கேதான் போய் முடியலாம் என்று டொக்டர் பிள்ளை சொன்னா. உன் குளிசையை உடனே நிறுத்தி, அவ தந்த வேறு குளிசையை ஆறு மாதம் குடித்து, திரும்பவும் சோதிக்க வேண்டும், சரிவராவிட்டால் கர்ப்பப்பையையே எடுக்க வேண்டி வரும். உம்மா எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டினா. ஐந்தாம் நோன்பன்று கத்தியதற்கு நான் பெருநாளன்று மன்னிப்புக் கேட்டபோதும், நீங்க எப்ப உண்மை பேசினீங்க நானா, நான் மனசில எடுக்க என்று சிரித்தா. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

முந்தாநாள் மாமி உம்மாவின் வீட்டில் அரிசிமா தேடியபோது நீ அனுப்பிய பால்மாத் தகர ரின்னைத் திறந்திருக்கிறா. உள்ளே உன் குளிசை. ஒரு அட்டையில் பாதி வெறுமை. டொக்டர் தந்த அட்டைகள் அலுமாரியில் உடைக்காமலே கிடக்கின்றன. நான் போய்க் கேட்டேன், சத்தம் போடவில்லை. உம்மா சொன்னதை ஒரு சொல்லும் கூட்டாமல் எழுதுகிறேன். என்ட புள்ள அந்நிய வீட்டில கழுவித் துடைச்சு, என்னை நினைச்சு அனுப்பினது நானா, அது பிழையெண்டு தெரிஞ்சா அவ அங்க தனியக் கிடந்து உருகிப் போவா, டொக்டர்ட குளிசைய நான் குடிச்சா அது பிழையெண்டு ஆகிடும், அவக்கு ஒண்டும் சொல்லாதீங்க. இதுதான் சொன்னது. அந்த ரின்னையும், அதைப் புகழ்ந்து திரிந்த என் வாயையும் சேர்த்துக் களப்புத் தண்ணியில் எறியலாம் போல இருந்தது. ரத்தம் இன்னும் நிற்கவில்லை மகள். நான் சொன்னால் கேட்கமாட்டா, என் பேச்சின் மதிப்பு அவ்வளவுதான். டொக்டரும் மிஸ்ஸியும் சொல்லியும் கேட்கவில்லை. உன் சொல் ஒன்றுதான் மீதி.

இந்த வெள்ளிக்கிழமை ஆம்பிளைகள் ஜும்ஆத் தொழுகைக்குப் போன நேரம் பார்த்து எடு, உம்மா தனியே இருப்பா. அழாமல் பேசு, நீ அழுதால் அவ இன்னும் ஒளிப்பா. உம்மா, நான் அனுப்பினது பிழை, அதக் குடிக்காதீங்க, டொக்டர் தந்ததக் குடிங்க, குடிக்கிறத வீடியோவில எனக்குக் காட்டுங்க என்று உன் வாயால் சொல். தினமும் காட்டச் சொல். அந்த முதல் வார்த்தைக்கு உனக்கு நாக்கு எழும்பாது என்று தெரியும், நம் குடும்பத்தில் பிழை விட்டேன் என்று சொன்ன ஆள் இருந்ததில்லை. பயப்படாதே. நேற்று ஜபாரின் கடையில், இளித்தவன்கள் அத்தனை பேருக்கும் முன்னால், குளிசை பற்றி நான் சொன்னதெல்லாம் பிழை, அவனவன் மனைவியை டொக்டரிடம் கூட்டிப் போங்கள் என்று எழும்பி நின்று சொன்னேன்.  ஆகவே அதிலும் உன் மாமாதான் முதல் ஆள், நீ இரண்டாவதாகச் சொன்னால் போதும்.

அல்லாஹ் உன் கைகால்களுக்குச் சுகத்தையும், நீ நிற்கிற வீட்டில் மரியாதையையும் தரட்டும், உன் உம்மாவை நீ வரும்வரைக்கும், அதற்குப் பிறகும் நெடுங்காலம் வைத்திருக்கட்டும். மாமியும் ஸலாம் சொல்லச் சொன்னா. ஒன்றை மறக்காதே, அடுத்த பெட்டியில் பால்மாவைப் பைக்கட்டில் அனுப்பு, ரின் வேண்டாம்.

உன் துஆவில் இடம் கேட்கும்
மாமா உசனார்