வண்டி நேராயிற்று, கைதான் பாக்கி

சேரன்மகாதேவி
வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வந்து

அன்பு மகள் ஃபஹ்மிதாவுக்கு வாப்பா சேக் முகம்மது எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையால் இங்கே நான் சுகம், உன் உம்மா பாத்துவும் சுகம், நம் வண்டியும் சுகம். மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளை அலி அஸ்கரும் பேத்தி மர்வாவும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்ற சேதி எப்போதும் வந்துகொண்டிருக்க வேண்டும். தினமும் போனில் பேசும்போது இது என்ன கடுதாசி என்று நினைப்பாய். போனில் பேச்செல்லாம் உன் உம்மா பேசி முடித்து, கடைசியில் என் முகத்துக்கு நேரே காட்டும்போது தலையை ஆட்டத்தான் எனக்கு நேரம் இருக்கும். போன மாதமும் அப்படித்தான் ஆயிற்று. வாப்பா வண்டியை வயலுக்குள் விட்டுவிட்டார் என்று அவள் சொல்ல, நீ அழுகிற குரலில் வண்டியை விற்றுவிடுங்கள், இனி வாப்பா ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று சொல்ல, நான் தலையை ஆட்டினேன். நீ அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாய். அது சம்மதம் இல்லை மகளே, வெட்கம். அதற்குப் பிறகு நடந்ததை உன் உம்மா உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள், ஏன் என்று போகப் போகத் தெரியும். நம் தெரு பீர் மைதீன் ஞாயிற்றுக்கிழமை அங்கே புறப்படுகிறான், அவன் பெட்டியில் மாங்காய் ஊறுகாயோடு இதுவும் வரும். தாளில் எண்ணெய் பட்டிருந்தால் அது ஊறுகாய், எழுத்தில் பிழை இருந்தால் அது எட்டாம் வகுப்பு.

நம் பிக்கப் எப்படி இருந்தது என்பது உனக்குத் தெரியும். நீ பிறப்பதற்கு முன்பே வந்தது, கல்யாண வீட்டுக்குப் பிரியாணி தேக்சாவும் தட்டும் ஜமக்காளமும் வாடகைக்கு ஏற்றிக்கொண்டு ஜில்லா முழுக்கச் சுற்றியது. ஸ்டியரிங்கைக் கால் சுற்று திருப்பினால்தான் சக்கரத்துக்குச் சொரணை வரும். அதோடு எப்போதும் இடது பக்கம் இழுக்கும், நேரே போக வேண்டுமானால் வலது பக்கம் வலித்துப் பிடித்தபடியே போக வேண்டும். இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்தும் நிற்கும். அது உன் உம்மா உட்காருகிற பக்கம் என்பதால் அங்கன பாரம் கூடுதல் என்று நான் கண்ட இடத்திலும் சொல்லிச் சிரித்ததில், அவள் வண்டியில் ஏறுவதையே விட்டுவிட்டு எங்கே போனாலும் பஸ்ஸில் போக ஆரம்பித்தாள். நோன்புப் பெருநாள் கழிந்து பத்தமடையில் ஒரு வலீமா விருந்துக்குச் சாமான் கொண்டுபோனபோது வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கிய குதியில் பீங்கான் தட்டில் பாதிக்கு மேல் போயிற்று. பிரியாணியை இலையில் போட்டார்கள். சாப்பிட்டவர்கள் மணம் கூடுதல் என்றுதான் சொன்னார்கள், ஆனால் விருந்து வைத்த மாப்பிள்ளை வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வையில் எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளே வண்டியைப் பேட்டைக்குக் கொண்டுபோய் மாரிராஜ் பட்டறையில் விட்டேன்.

மாரிராஜ் கெட்டிக்கார மெக்கானிக்தான், வாய் மட்டும் கையைவிட நீளம். வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டே அங்கிருந்து சத்தம் போடுவான். "அண்ணாச்சி, நீங்க இத்தன காலம் வண்டி ஓட்டல, மல்லுக்கட்டிக்கிட்டு இருந்திருக்கிய" என்றான். நான்கு பக்கத்து ஸ்பிரிங் பட்டைகளையும் கழற்றித் தரையில் பரப்பினான். இடது முன்பக்கத்து அடுக்கில் இரண்டு பட்டை நடுவில் முறிந்து துருவேறிக் கிடந்தது, சாய்வுக்கும் இழுப்புக்கும் அதுதான் முதல் காரணம். பின்பக்கத்தில், சாய்வு நிமிரட்டும் என்று நான் ஒரு காலத்தில் என் புத்திக்கு எட்டியபடி ஒரு பட்டை கூடுதலாகச் சொருகியிருந்தேன். அதைத் தூக்கிக் காட்டி, "இந்த ஆபரேசன எந்த டாக்டர் செஞ்சாரு?" என்று கேட்டான். நான் எதிர்த்த டீக்கடையில் போர்டு படிப்பவன் மாதிரி திரும்பிக்கொண்டேன். முன் சக்கரங்கள் திரும்புவதற்கு நடுவே ஒரு தடித்த ஆணி இருக்கும், கிங்பின் என்பார்கள். அது தேய்ந்து போயிருந்தது, புதிது போட்டு அதற்குப் புஷ் உறையை லேத்தில் கடைந்து இறக்கினான். ஸ்டியரிங் பெட்டிக்குள் பல் மழுங்கியிருந்தது, மதுரையில் பழைய சாமான் கடைகளில் அலைந்து அதே வயது வண்டி ஒன்றின் பெட்டியைக் கொண்டுவந்து மாட்டினான். பட்டைகளுக்கு வளைவு ஏற்றி, முறிந்ததற்குப் புதிது அடுக்கி, ஷாக் அப்சார்பர் மாற்றி, கடைசியில் சக்கரத்துக்குச் சக்கரம் நூல் பிடித்து நேர் பார்த்தான். முறிந்த பட்டையை நான் வீட்டுக்குக் கொண்டுவந்தது தப்பாகப் போயிற்று. உன் உம்மா அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்ப நான் இல்ல" என்று ஒரே வார்த்தை சொன்னாள். மறுநாள் அதைக் கொல்லுப் பட்டறைக்குக் கொடுத்தனுப்பி ஒரு அரிவாள்மனை அடித்து வாங்கிவிட்டாள். வருகிற பெண்களுக்கெல்லாம் அதைக் காட்டி, எந்த இரும்பு என்று விளக்கம் சொல்லித்தான் மீன் அரிகிறாள்.

இனி நீ அழுத விஷயத்துக்கு வருகிறேன். வண்டியை எடுத்துக்கொண்டு பேட்டையிலிருந்து தனியாகத்தான் வந்தேன். சுத்தமல்லி வரைக்கும் நெரிசல், பைய வந்ததில் ஒன்றும் தெரியவில்லை. அதைத் தாண்டி ரோடு வெறிச்சென்று கிடந்ததும் கொஞ்சம் அழுத்தினேன். வண்டி தன்பாட்டுக்கு வலது பக்கம் போகிறது. நான் பிடிக்கப் பிடிக்க இன்னும் போகிறது. ரோட்டைக் குறுக்கே கடந்து, கரை இறங்கி, சங்கரசுப்பிரமணியனின் நாற்றங்காலில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றது. எதிரே ஒரு பஸ் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நீ சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை, அன்றைக்கு ராத்திரி முழுக்க அதைத்தான் பார்த்துக்கொண்டு கிடந்தேன். சங்கரசுப்பிரமணியன் வரப்பில் நின்றபடி, "என்ன முகம்மது அண்ணாச்சி, வண்டியையும் நடவுக்குக் கூட்டியாந்துட்டியளோ?" என்று கேட்டார். அவர் டிராக்டரை வைத்தே இழுத்து வெளியே போட்டார். நாற்றுக்கு நஷ்டம் எவ்வளவு என்று கேட்டேன், "எம் பேத்தி காதுகுத்துக்குச் சட்டிபானை அனுப்பும், அது போதும் வே" என்று முடித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து மாரிராஜை ஏசின ஏச்சு தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். மறுநாள் அவனே வந்து என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து வண்டியைப் பேட்டைக்கு ஓட்டிக்கொண்டு போனான். அங்கே தொழிற்பேட்டைக்குள் நீளமாக ஒரு ரோடு கிடக்கிறதே, அதில் வேகம் எடுத்தான், இரண்டு கையையும் விட்டான், சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்துக் கண்ணாடியைப் பார்த்துத் தலை சீவினான். வகிடு எடுக்கிற வரைக்கும் வண்டி போட்ட கோடு மாதிரி போகிறது. "அண்ணாச்சி, வண்டில ஒரு கொறையும் இல்ல" என்றான். அவன் அவ்வளவுதான் சொன்னான், மிச்சத்தை நானே சொல்லிக்கொண்டேன். குறை வண்டியில் இல்லை என்றால் வேறு எங்கே? கண்ணா, கையா, அறுபதைத் தாண்டின மூளையா? ஃபஹ்மிதா, அந்த ஒரு வாரம் நான் யாரிடமும் சொல்லவில்லை, உனக்குச் சொல்கிறேன், பயந்துவிட்டேன். கண் டாக்டரிடம் போனேன், பழைய கண்ணாடியே போதும் என்றார், அதில் பயம் கூடத்தான் செய்தது. சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, நீ சொன்னபடியே விற்றுவிடலாம் என்று முடிவும் செய்துவிட்டேன். வாங்க ஒரு ஆளும் வந்து பார்த்துவிட்டுப் போனான்.

அன்றைக்குச் சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு வந்தால், உன் உம்மா புர்கா போட்டுக்கொண்டு சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். "ஆத்துப் பக்கம் பொட்டல் வரைக்கும் போயிட்டு வருவோம்" என்கிறாள். நான் முடியாது என்றேன். "விக்கதுக்கு முன்னால ஒருக்கா ஏறுதேன், இப்பத்தான் எம் பேர்ல குத்தம் இல்லன்னு ஆயிப்போச்சே" என்றாள். பைய ஓட்டிக்கொண்டு போய்ப் பொட்டலில் இறங்கினோம். ஆள் நடமாட்டம் இல்லை, இரண்டு எருமை மட்டும்தான். நான் ஓட்ட ஓட்ட வண்டி வலது பக்கமே வட்டம் போடுகிறது. அவள் ரோட்டையே பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டே வந்தாள். நிறுத்தச் சொன்னாள். "நான் ஒங்க கையத்தான் பாத்தேன். வலது கை இழுத்துக்கிட்டே இருக்கு. அது இன்னும் பழைய வண்டியத்தான் ஓட்டுது" என்றாள். நான் இழுக்கவே இல்லை என்று சத்தியம் பண்ணினேன். அதற்கு அவள் சொன்னாள், "என் தையல் மிசின் கோணலா இழுக்குன்னு ரிப்பேர் பண்ணிக் கொண்டாந்தியளே, அன்னைக்கு ஒங்களுக்குத்தான் ஒரு சட்டை தச்சேன். துணியப் பிடிச்சு இழுத்துப் பழகுன எங் கை இழுத்துக்கிட்டே இருந்ததுல தையல் எல்லாம் கோணி நின்னுச்சு. நீங்க அதப் போட்டுக்கிட்டு மூணு ஜும்ஆ போனிய, ஒரு வார்த்த சொல்லலியே." சொல்லவில்லைதான். எனக்குத் தெரிந்திருந்தால்தானே சொல்ல.

பிறகு, "பிஸ்மி சொல்லிக் கைய எடுங்க" என்றாள். ஓடுகிற வண்டியில் கையை எடுப்பது, கல்யாண வீட்டில் தேக்சாவைத் தீயிலிருந்து பாதியில் இறக்கு என்று சொல்வது மாதிரி எனக்கு. கையை எடுத்தேன். வண்டி நேரே போயிற்று. எருமைகள் தலையைத் தூக்கிப் பார்த்தன. நான் மறுபடி பிடித்தேன், வலது பக்கம் போயிற்று. "விடுங்க" என்றாள், விட்டேன், நேரானது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது மகளே, கூடவே கண்ணிலும் என்னமோ வந்தது, தூசியாக இருக்கும். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கண்ணும் சரி, மூளை எப்போதும் இருந்த அளவுக்குச் சரி. இத்தனை வருஷம் செய்த வேலையைக் கை நிறுத்த மறந்துவிட்டது, அவ்வளவுதான்.

அதிலிருந்து தினமும் அஸருக்குப் பிறகு எனக்குப் பாடம். வாத்தியார் இடது பக்க சீட்டில், மேலே கைப்பிடிக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு. கை வலது பக்கம் இழுக்க ஆரம்பித்தால் "விடுங்க" என்பாள். முதலில் பொட்டல், பிறகு கால்வாய்க் கரை, பிறகு பஸ் போகிற ரோடு. பஜாரில் ஒருநாள் அவள் போட்ட சத்தத்தில், யாரையோ நான் அடித்துக்கொண்டிருக்கிறேன் என்று டீக்கடையிலிருந்து நாலு பேர் விலக்கிவிட வந்தார்கள். விடுங்க விடுங்க என்பது வரவரக் குறைந்தது. வாங்க வந்த ஆளிடம் கொஞ்சம் பொறு என்று சொல்லி வைத்தேன், இல்லை என்று சொல்லவில்லை. வண்டியில் ஏறியதையும் வாத்தியார் ஆனதையும் ஒப்புக்கொள்ளக் கௌரவம் இடம் கொடுக்காததால்தான் அவள் இதெல்லாம் உன்னிடம் மூச்சுவிடவில்லை.

முந்தாநாள் உவரியில் சர்ச் அசன விருந்துக்குச் சாமான் இறக்கியிருந்ததைத் திரும்ப எடுக்கப் போனோம். அவளும் வந்தாள், காரணம் கேட்டால் சீலா மீன் என்றாள். சட்டி, அண்டா, தட்டு எல்லாம் ஏற்றி, மதியச் சாப்பாடு முடித்துப் புறப்பட்டோம். முன்பெல்லாம் இந்தச் சாமானோடு வந்தால் நாம் வருவது அடுத்த ஊருக்குத் தெரியும், அவ்வளவு சத்தம். இப்போது பட்டை பதமாக அமுங்கி எழுந்து வருகிறது, பின்னால் தட்டு இருப்பதே தெரியவில்லை. திசையன்விளை தாண்டிக் கொஞ்ச நேரமாகப் பேச்சே காணோமே என்று திரும்பிப் பார்த்தேன். கம்பியிலிருந்து கை இறங்கி மடியில் கிடக்கிறது, தலை ஜன்னலில் சாய்ந்திருக்கிறது, உன் உம்மா தூங்குகிறாள். இந்த வண்டியில் அவள் ஒரு தடவைகூடக் கண் மூடி நான் பார்த்ததில்லை. பிரசவத்துக்கு உன்னைச் சுமந்துகொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தபோதும் விழித்துக்கொண்டு எனக்கு வழி சொல்லிக்கொண்டுதான் வந்தாள். விடுங்க என்று சொல்ல ஆள் இல்லாமல் நாங்குநேரி வந்தது, களக்காடு வந்தது, பஸ் எதிரே வந்தது, லாரி முந்தியது. நம் வண்டி இடது ஓரத்தை விடாமல் நேரே வந்தது. வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, எழுப்பாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன், மீன் வாடை கூடுகிற வரைக்கும்.

எழுந்ததும் முதல் வேலையாக, தூங்கவில்லை, கண்ணை மூடி ஸலவாத்து ஓதிக்கொண்டு வந்தேன் என்றாள். ஸலவாத்துக்குக் குறட்டை உண்டா என்று நான் கேட்கவில்லை, சீலா மீன் இன்னும் குழம்பாகவில்லை. நீ கேள். இந்தக் கடிதம் கிடைத்ததும் போன் போட்டு, உவரியிலிருந்து வரும்போது வழியில் என்னவெல்லாம் பார்த்தியள் உம்மா, காற்றாலைக் காற்றாடி சுற்றிச்சா, நாங்குநேரிக் குளத்தில் தண்ணி கிடந்துச்சா என்று கேள். அவள் என்ன பதில் சொல்கிறாள் என்று கவனமாகக் கேட்டுவிட்டு, அதற்குப் பிறகும் வாப்பா ஓட்டக் கூடாது என்று உன் மனம் சொன்னால் சொல், வண்டியை அன்றைக்கே கொடுத்துவிடுகிறேன். ஒரு வார்த்தை முணுமுணுக்க மாட்டேன்.

வெயிலில் மர்வாவை வெளியே விளையாட விடாதே, மோர் கொடு. மாப்பிள்ளைக்கு என் ஸலாம் சொல், வேலை முடிந்து களைத்து வருகிறவர், காரை அவசரமாக ஓட்ட வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல், எந்த யோக்கியதையில் சொல்கிறேன் என்று அவர் கேட்டால் பேச்சை மாற்றிவிடு. ஊறுகாய் பாட்டிலைப் படுக்க வைக்காதே. தொழுகையில் எங்களை மறக்காதே. உங்கள் மூவருக்கும் நீண்ட ஆயுளும் நிறைந்த பரக்கத்தும் தந்து, அடுத்த பெருநாளை நம் வீட்டில் ஒன்றாகக் கொண்டாட அல்லாஹ் நாடட்டும், ஆமீன்.

துஆவுடன்,
உன் வாப்பா
மு. சேக் முகம்மது